அழிச்சாச்சு, ஆனா இடம் வரலையே! டிஸ்க் நிறைஞ்ச லினக்ஸ் சர்வரை டெர்மினல்ல சரி பண்றது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. கமாண்டுகள் எல்லாமே ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டியவை. பெரிய எழுத்து வரும் இடத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.)

லினக்ஸ் கமாண்ட் லைன் கத்துக்கணும்னு இறங்குற நிறைய பேர் முதல்ல பண்றது, "முக்கியமான 50 கமாண்டுகள்"னு ஒரு பட்டியலை எடுத்து மனப்பாடம் பண்றதுதான். ரெண்டு வாரத்துல பாதி மறந்துடும். அந்த கமாண்ட் எந்தக் கேள்விக்குப் பதில்னு தெரியாம படிச்சா, ஸ்கூல்ல படிச்ச லாகரிதம் டேபிள் மாதிரிதான் ஆகும்.

அதனால இன்னிக்குப் பட்டியல் கிடையாது. ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கிட்டு, அது பின்னாடியே போகப் போறோம். டிஸ்க் ஃபுல். சர்வர் பார்த்துக்கிற யாருக்கும் இது ஒருநாள் வந்தே தீரும். கமாண்ட் லைன் ஏன் அப்படி இருக்கு, லினக்ஸ் உள்ளுக்குள்ள ஃபைலை எப்படிப் பார்க்குதுன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியல.

ஒரு சூழ்நிலையைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஒரு மெடிக்கல் ஷாப்போட பில்லிங் ஆப், 100 ஜிபி டிஸ்க் இருக்கிற ஒரு உபுண்டு சர்வர்ல ஓடுது. சனிக்கிழமை சாயங்காலம். கடையில கூட்டம். திடீர்னு பில் விழ மாட்டேங்குது. நீங்க சர்வருக்குள்ள லாகின் பண்றீங்க. எதையோ அடிச்சு டேப் கீயை அழுத்தினா, அதுக்கே "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"னு ஒரு எரர் வருது. டேப் வேலை செய்ய பாஷ் ஒரு தற்காலிக ஃபைல் எழுதப் பார்த்திருக்கும். அதுக்குக்கூட இடம் இல்லை.

இந்த நேரத்துல கை பரபரக்கும். எதையாவது பெருசா ஒண்ணை அழிச்சுடலாம்னு தோணும். ஆபத்தே அங்கதான் இருக்கு. லினக்ஸ்ல "ஆர்எம்" அடிச்சா ரீசைக்கிள் பின் எல்லாம் கிடையாது. போனது போனதுதான். அதனால இன்னிக்கு ஒரே ஒரு விதி: முதல்ல பார்க்கிற கமாண்டுகள், கடைசியாத்தான் மாத்துற கமாண்டுகள்.

நாம எந்த மெஷின்ல இருக்கோம்?

முதல் கமாண்ட் "ஹோஸ்ட்நேம்". சிரிக்காதீங்க. 2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லாப் நிறுவனத்துல ஒரு இன்ஜினியர், ரெண்டாவது டேட்டாபேஸ் சர்வர்ல அழிக்கிறதா நினைச்சு, முதன்மை சர்வர்ல ஃபோல்டரை அழிச்சுட்டார். சுமார் 300 ஜிபி டேட்டா இருந்த இடத்துல, நிறுத்தும்போது மிஞ்சினது 4.5 ஜிபிதான். பேக்கப்புகளையும் ஒண்ணொண்ணா பார்த்தா பல வழிகள் வேலையே செய்யலை. கடைசியில சுமார் 6 மணி நேர டேட்டா நிரந்தரமா போச்சு. கிட்லாப் அதை மறைக்கலை. மீட்கிற வேலையை யூட்யூப்ல லைவா காட்டுனாங்க, நடந்தது எல்லாத்தையும் எழுதி வெளியிட்டாங்க. அதனாலதான் இன்னிக்கு நாம அதுல இருந்து கத்துக்க முடியுது. ரெண்டு டெர்மினல் விண்டோவும் கருப்பா ஒரே மாதிரிதான் இருக்கும். ஹோஸ்ட்நேம் அடிச்சுப் பார்க்க ஒரு செகண்ட்தான் ஆகும்.

எவ்வளவு நிறைஞ்சிருக்கு?

அடுத்தது "டிஎஃப் -எச்". டிஸ்க் ஃப்ரீ என்பதன் சுருக்கம். "-எச்" போட்டா ஜிபி, எம்பின்னு மனுஷங்க படிக்கிற மாதிரி காட்டும். நிறைய வரிகள் வரும். டிஎம்பிஎஃப்எஸ், லூப்னு இருக்கிறதை இப்போதைக்கு விடுங்க. கடைசிக் காலத்துல வெறும் "/" இருக்கிற வரியைப் பாருங்க. அதுதான் உங்க முக்கிய டிஸ்க். 100% காட்டுது.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். மொத்தம் 100 ஜிபி, பயன்பாட்டுல 95 ஜிபி, மிச்சம் 0ன்னு காட்டலாம். மீதி 5 ஜிபி எங்க? ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே வழக்கமா 5% இடத்தை ரூட் யூசருக்குன்னு ஒதுக்கி வெச்சுடும். சாதாரண ப்ரோகிராம்கள் டிஸ்க்கை நிரப்பினாலும், நிர்வாகி உள்ள வந்து சரி பண்ண கொஞ்சம் இடம் இருக்கணும்ல, அதுக்காக. வீட்டுல அம்மா அஞ்சறைப் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வெக்கிற பணம் மாதிரி.

எங்க நிறைஞ்சிருக்கு?

இதுக்கு "டியூ", அதாவது டிஸ்க் யூசேஜ். முழுசா அடிக்க வேண்டியது இது: "சுடோ டியூ -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -எச்".

பார்க்க நீளமா இருந்தாலும் பிரிச்சுப் படிச்சா சுலபம். சுடோ எதுக்குன்னா, அது இல்லாட்டி உங்களுக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர்களைக் கணக்குல விட்டுடும். "-எக்ஸ்"னா இந்த டிஸ்க்கைத் தாண்டி வேற டிஸ்க்குக்குள்ள போகாதேன்னு அர்த்தம். மேக்ஸ்-டெப்த் 1னா ஒரு படி ஆழம் மட்டும் காட்டு, போதும். நடுவுல இருக்கிற செங்குத்துக் கோடு, அதான் பைப். டியூ சொல்றதை அப்படியே சார்ட்டுக்குக் கொடுக்குது. சார்ட் அதை அளவு வாரியா அடுக்கித் தருது. பெருசு கடைசியில வரும்.

இந்தப் பைப்புக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. பெல் லேப்ஸ்ல இருந்த டக் மெக்கில்ராய், ப்ரோகிராம்களைத் தோட்டத்து ஹோஸ் குழாய் மாதிரி ஒண்ணோட ஒண்ணு திருகி இணைக்க முடியணும்னு 1964லயே ஒரு குறிப்பு எழுதினார். 1973ல கென் தாம்சன் அதை யூனிக்ஸ்ல கொண்டு வந்தார். டியூவை எழுதினவருக்கு வரிசைப்படுத்துறது பத்தி எந்தக் கவலையும் இல்லை. சார்ட்டை எழுதினவருக்கு டிஸ்க் பத்திக் கவலை இல்லை. ரெண்டையும் சேர்த்து உங்க கேள்வியை நீங்க உருவாக்கிக்கலாம். 50 கமாண்டை மனப்பாடம் பண்ண வேண்டாம்னு சொன்னேன்ல, காரணம் இதுதான்.

ரிசல்ட்ல "/வார்" ஃபோல்டர் பெருசா வருது. அதே கமாண்டை "/"க்குப் பதிலா "/வார்" போட்டு ஓட்டுங்க. அப்புறம் "/வார்/லாக்". இப்படி ஒவ்வொரு படியா இறங்கினா, பில்லிங் ஆப்போட ஒரே ஒரு லாக் ஃபைல் 60 ஜிபின்னு மாட்டும்.

பக்கத்துப் பக்கத்து வீடு

அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். "/வார்/லாக்" ஒரு டைரி மாதிரி. என்ன நடந்ததுன்னு ப்ரோகிராம்கள் எழுதி வெக்கிற இடம். பக்கத்துலயே "/வார்/லிப்"னு இருக்கும். அது பீரோ. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ்களோட உண்மையான டேட்டா, டாக்கர் வால்யூம்கள் எல்லாம் அங்கதான் வழக்கமா இருக்கும். அங்க இடம் நிறைஞ்சிருந்தா ஆர்எம் பக்கமே போகாதீங்க. அந்தந்த டேட்டாபேஸோட சொந்தக் கமாண்டுகள் மூலமாத்தான் குறைக்கணும்.

பேரை நம்பியும் அழிக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸ்ல ரொம்ப வருஷமா "பிஜி_எக்ஸ்லாக்"னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. டேட்டாபேஸ் திடீர்னு நின்னு போனா மீண்டு வர்றதுக்கான பதிவுகள் அதுலதான் இருக்கும். ஆனா பேர்ல "லாக்"னு இருக்கவே, டிஸ்க் நிறைஞ்சப்போ சாதாரண லாக்குன்னு நினைச்சு அழிச்சு டேட்டாபேஸையே கெடுத்துக்கிட்டவங்க இருந்தாங்க. இந்த ஆபத்துக்காகவே 2017ல வந்த 10வது பதிப்புல அந்த ஃபோல்டர் பேரை "பிஜி_வால்"னு மாத்தினாங்க. ஒரு பேரால எவ்வளவு டேட்டா போயிருந்தா இந்த முடிவுக்கு வந்திருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

நம்ம கதையில இருக்கிறது நிஜமான லாக்தான். ஆனாலும் அழிக்கிறதுக்கு முன்னாடி "டெயில் -என் 50" போட்டு கடைசி 50 வரியைப் படிங்க. ஒரே எரர் செகண்டுக்கு நூறு தடவை வந்துக்கிட்டு இருக்கலாம். இல்ல, யாரோ டீபக் மோடை ஆன் பண்ணிட்டு அணைக்காம போயிருக்கலாம். காரணத்தைப் பார்க்காம ஃபைலை மட்டும் அழிச்சா, நாளைக்கு ராத்திரி திரும்ப இதே வேலைதான்.

அழிச்சாச்சு, ஆனா 100% அப்படியே இருக்கு!

சரி, படிச்சாச்சு, காரணம் தெரிஞ்சாச்சு. 60 ஜிபி லாக்கை ஆர்எம் போட்டு அழிச்சாச்சு. "டிஎஃப்" அடிச்சா, அதே 100%. "டியூ" அடிச்சா, 60 ஜிபி குறைஞ்சிருக்கு. ஒரே டிஸ்க், ரெண்டு கமாண்ட், ரெண்டு பதில். எது பொய் சொல்லுது?

ரெண்டும் பொய் சொல்லலை. டியூ ஒவ்வொரு ஃபோல்டரா உள்ள போய், கண்ணுக்குத் தெரியற ஃபைலை எல்லாம் எண்ணிக் கூட்டுது. மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறவங்க வீடு வீடா போற மாதிரி. டிஎஃப் வீடு வீடா எல்லாம் போகாது. ஃபைல் சிஸ்டத்தோட கணக்குப் புத்தகத்தைக் கேட்டு, எத்தனை இடம் காலின்னு சொல்லிடுது. அப்போ, கணக்குப் புத்தகத்துல இருக்கிற, ஆனா எந்த வீட்டு வாசல்லயும் பேர் இல்லாத ஏதோ ஒண்ணு 60 ஜிபியைப் பிடிச்சு வெச்சிருக்கு.

இதுதான் இன்னிக்கு எபிசோடோட மையம். லினக்ஸ்ல ஃபைலோட பேரும், ஃபைலும் ஒண்ணு கிடையாது. உண்மையான ஃபைலுக்கு ஐநோடுன்னு ஒரு பதிவு இருக்கு. அதுக்கு ஒரு நம்பர் உண்டு. யார் ஓனர், என்ன அனுமதி, எவ்வளவு அளவு, டேட்டா டிஸ்க்ல எங்க இருக்கு, எல்லாம் அதுல இருக்கும். பேர் மட்டும் இருக்காது. பேர் ஃபோல்டர்ல இருக்கு. "இந்தப் பேர், இந்த நம்பர்"னு ஃபோல்டர் ஒரு பட்டியல் வெச்சிருக்கும், அவ்வளவுதான். "எல்எஸ் -ஐ" அடிச்சா அந்த நம்பர்களை நீங்களே பார்க்கலாம்.

ஆர்எம் என்ன பண்ணுது? அந்தப் பட்டியல்ல இருந்து பேரை எடுக்குது. வீட்டு வாசல்ல இருக்கிற பேர்ப்பலகையைக் கழட்டுற மாதிரி. பலகையைக் கழட்டிட்டா உள்ள குடியிருக்கிறவர் காலி பண்ணிடுவாரா? மாட்டார். கெர்னல் டேட்டா இருக்கிற இடத்தை விடணும்னா ரெண்டும் நடக்கணும்: அந்த ஐநோடுக்கு ஒரு பேர்கூட மிச்சம் இருக்கக் கூடாது, அதைத் திறந்து வெச்சிருக்கிற ப்ராசஸ் ஒண்ணும் இருக்கக் கூடாது. நம்ம பில்லிங் ஆப் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. லாக்கைத் திறந்துதான் வெச்சிருக்கு. பேரே இல்லாத அந்த ஃபைல்ல இன்னும் எழுதிக்கிட்டே இருக்கு!

இது லினக்ஸோட கோளாறுன்னு நினைக்காதீங்க. யூனிக்ஸ்ல இருந்து வந்த வடிவமைப்பு இது. ஓடிக்கிட்டு இருக்கிற ப்ரோகிராமோட லைப்ரரியை, அந்த ப்ரோகிராமை நிறுத்தாமலேயே அப்டேட் பண்ண முடியறது இதனாலதான். பழைய ப்ராசஸ் பேர் போன பழைய ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு ஓடும். புதுசா தொடங்குறது புது ஃபைலை எடுத்துக்கும். விண்டோஸ்ல "இந்த ஃபைல் பயன்பாட்டில் உள்ளது, அழிக்க முடியாது"ன்னு வர்ற செய்தியை லினக்ஸ்ல பார்க்காததுக்கும் இதுதான் காரணம்.

யார் பிடிச்சு வெச்சிருக்கா?

"சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1". கடைசியில வர்ற எல் பெரிய எழுத்து. எல்எஸ்ஓஎஃப்னா திறந்திருக்கிற ஃபைல்களோட பட்டியல். "+எல்1"னா, பேர் எண்ணிக்கை 1க்குக் கீழ, அதாவது பேரே இல்லாத ஃபைல்களை மட்டும் காட்டு. 60 ஜிபி ஃபைல், பக்கத்துல அதைப் பிடிச்சிருக்கிற ப்ராசஸ் நம்பர், எஃப்டின்னு ஒரு காலத்துல இன்னொரு எண், எல்லாம் வரும்.

இப்போ வழி சுலபம். "சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்" போட்டு அந்த சர்வீஸை ஒருதடவை நிறுத்தித் தொடங்கினா, கை விட்டுடும், இடம் வந்துடும். கடையில கூட்டம், நிறுத்தவே முடியாதுன்னா, "/ப்ராக்"னு ஒரு ஃபோல்டர் இருக்கு. டிஸ்க்ல இல்லாத, கெர்னல் காட்டுற ஃபோல்டர் அது. ப்ராசஸ் நம்பர் 1234, எஃப்டி எண் 7ன்னா, "/ப்ராக்/1234/எஃப்டி/7"ங்கிறது பேர் போன அந்த ஃபைலுக்கான பின்வாசல். "சுடோ ட்ரங்கேட் -எஸ் 0" போட்டு இந்தப் பாதையைக் கொடுத்தா, ஆப் ஓடிக்கிட்டு இருக்கும்போதே உள்ள இருக்கிறது காலியாகிடும்.

இதே பின்வாசல் இன்னொரு விதத்துல உயிரைக் காப்பாத்தும். தேவையான ஃபைலை யாராவது தெரியாம அழிச்சுட்டாங்க, ஆனா ஏதோ ஒரு ப்ராசஸ் அதை இன்னும் திறந்து வெச்சிருக்குன்னா, பதட்டத்துல சர்வரை ரீபூட் பண்ணிடாதீங்க. ரீபூட் பண்ணினாதான் அது நிஜமாவே போகும். அந்த "/ப்ராக்" பாதையில இருந்து "சிபி" கமாண்டால முதல்ல ஒரு காப்பி எடுத்துக்கோங்க.

அடுத்த தடவை ஓடிக்கிட்டு இருக்கிற லாக்கை ஆர்எம் பண்ணவே வேண்டாம். காரணத்தைப் படிச்சு, தேவையான வரிகளை வேற இடத்துக்கு எடுத்துட்டு, நேரா ஃபைல் மேலேயே ட்ரங்கேட் போடுங்க. பேர் இருக்கும், உள்ளடக்கம் மட்டும் காலியாகும்.

இடம் இருக்கு, ஆனாலும் ஃபுல்

இன்னொரு வகையும் இருக்கு. டிஎஃப்ல 40 ஜிபி மிச்சம்னு காட்டும். ஆனா புது ஃபைல் எழுதினா அதே "நோ ஸ்பேஸ்" எரர். இப்போ "டிஎஃப் -ஐ" அடிச்சுப் பாருங்க. ஐநோடுகள் தீர்ந்திருக்கும். ஈஎக்ஸ்டி4ல ஐநோடு எண்ணிக்கை, ஃபார்மேட் பண்ணும்போதே முடிவாகிடும். வழக்கமா 16 கேபிக்கு ஒண்ணு. 100 ஜிபி டிஸ்க்னா சுமார் 65 லட்சம். ஏதோ ஒரு ஆப் குட்டிக் குட்டி செஷன் ஃபைல்களா லட்சக்கணக்குல போட்டுக்கிட்டே இருந்தா, டேட்டா இடம் மிச்சம் இருக்கும்போதே பதிவேடு நிறைஞ்சுடும். பஸ்ல சீட் காலியா இருக்கு, கண்டக்டர்கிட்ட டிக்கெட் தீர்ந்துபோச்சு, அந்தக் கதை. "டியூ --ஐநோட்ஸ்" போட்டா எந்த ஃபோல்டர்ல கூட்டம்னு தெரிஞ்சுடும்.

திரும்ப வராம இருக்க

ரெண்டு இடத்தைப் பார்த்துடுங்க. ஒண்ணு, லாக்ரொட்டேட். "/ஈடிசி/லாக்ரொட்டேட்.டி" ஃபோல்டர்ல உங்க ஆப்போட லாக்குக்கு ஒரு சின்ன ஃபைல் எழுதி வெச்சா, தினமும் இல்ல வாரம் ஒருதடவை பழைய லாக்கைப் பேர் மாத்தி, சுருக்கி, ரொம்பப் பழசை அழிச்சுடும். பேர் மாத்தினதும் அந்த சர்வீஸுக்கு "லாக்கைத் திரும்பத் திற"ன்னு தகவல் அனுப்பணும்னு அதுல ஒரு வரி வரும். ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும். பேரை மாத்தினாலும் ப்ராசஸ் பிடிச்சிருக்கிறது பழைய ஐநோடைத்தான். சொல்லலைன்னா பழைய ஃபைல்லயே எழுதிக்கிட்டு இருக்கும்.

ரெண்டாவது, சிஸ்டம்டியோட ஜர்னல். "ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்" போட்டா எவ்வளவு எடுத்துக்கிட்டு இருக்குன்னு சொல்லும். தானாவே டிஸ்க்ல 10% வரைக்கும், அதிகபட்சம் 4 ஜிபி வரைக்கும்தான் போகும். அதுவே அதிகம்னா "--வேக்யூம்-சைஸ்=500எம்" கொடுத்துக் குறைக்கலாம். இதுல எம் பெரிய எழுத்து.

வீட்டுப் பாடம்

கேட்டா மட்டும் போதாது, கைல பண்ணிப் பாருங்க. வேலை செய்ற சர்வர்ல வேண்டாம். வெர்ச்சுவல்பாக்ஸ்ல ஒரு உபுண்டு போட்டுக்கோங்க, ரெண்டு டெர்மினல் திறந்துக்கோங்க. உங்க ஹோம் ஃபோல்டர்ல ஒரு ஜிபியாவது காலியா இருக்கட்டும்.

முதல் டெர்மினல்ல "ஃபால்லொகேட் -எல் 1ஜி பயிற்சி". இதுல ஜி பெரிய எழுத்து. 1 ஜிபி ஃபைல் ஒண்ணு வந்துடும். பேரைத் தமிழ்லயே வைங்க, லினக்ஸ் ஏத்துக்கும். "டிஎஃப் -எம் ." அடிச்சு, மிச்ச இடத்தைக் குறிச்சுக்கோங்க. அடுத்து "ஸ்லீப் 600 < பயிற்சி". ஸ்லீப் பத்து நிமிஷம் சும்மா தூங்கும், ஆனா அந்த ஃபைலைத் திறந்து கைல வெச்சுக்கிட்டே தூங்கும்.

ரெண்டாவது டெர்மினல்ல அந்த ஃபைலை ஆர்எம் பண்ணுங்க. "எல்எஸ்"ல இருக்காது. டிஎஃப்ல அசைவே இருக்காது. "எல்எஸ்ஓஎஃப் +எல்1" போடுங்க, ஸ்லீப் மாட்டும். இப்போ முதல் டெர்மினலுக்குப் போய் கண்ட்ரோல் சி அழுத்துங்க. திரும்ப டிஎஃப். 1 ஜிபி வந்துடுச்சா?

கூடவே ஒவ்வொரு கமாண்டுக்கும் முன்னாடி "மேன்" போட்டு அதோட கையேட்டைத் திறந்து பாருங்க. "மேன் டியூ", "மேன் எல்எஸ்ஓஎஃப்". ஸ்லாஷ் போட்டு வார்த்தை தேடலாம், வெளிய வர "க்யூ". முழுசா படிக்க வேண்டாம். இன்னிக்குப் பயன்படுத்தின ஒவ்வொரு "-எச்", "-எக்ஸ்"க்கும் அங்க என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பார்த்தா போதும்.

அடுத்த எபிசோட்ல பர்மிஷன். ஏதாவது வேலை செய்யலைன்னா உடனே "777" கொடுக்கிற பழக்கம் ஏன் ஆபத்துன்னு பார்க்கலாம். பயிற்சியில எங்கயாவது மாட்டிக்கிட்டீங்கன்னா, என்ன கமாண்ட் அடிச்சீங்க, என்ன பதில் வந்துச்சுங்கிற ரெண்டையும் அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க. அடுத்த தடவை எடுத்துப் பேசிடலாம்.